பூட்டின வீட்டுக் குப்பை

ஊரை விட்டு விமானத்தில் போய்வரும் எந்தக் கோயமுத்தூர்க் குடும்பத்தின் அலமாரியைத் திறந்தாலும் ஒரு கொக்கித் தராசு இருக்கும். மேலே பிடி, கீழே கொக்கி, நடுவில் எண் காட்டும் ஒரு சின்னக் கண்ணாடி. புனேயில் வாகட் பக்கம் பதினோராவது மாடியில் குடியிருந்த சுப்ரஜாவின் வீட்டிலும் ஒன்று இருந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்குப் போய்த் திரும்பும்போதுதான் அதற்கு வேலை. விமானத்தில் ஆளுக்குப் பதினைந்து கிலோதான் பெட்டியில் போடலாம் என்பது விதி. அந்த விதி சுப்ரஜாவின் அம்மாவின் காதில் இன்றுவரை ஏறவில்லை. பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, வடகம், அரிசி முறுக்கு என்று ஒவ்வொன்றையும் இரண்டு கவரில் போட்டு, இரண்டு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பார். தராசு பதினெட்டு காட்டும். உடனே பெட்டியைத் தரையில் கவிழ்த்து, கனமானதையெல்லாம் கணவன் சபரியின் லேப்டாப் பைக்கும் மகள் அம்முவின் முதுகுப் பைக்கும் மாற்றுவார்கள். தராசு பதினைந்துக்கு இறங்கும். சுமையில் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது, ஆனாலும் எல்லாருக்கும் அப்பாடா என்றிருக்கும்.

அந்தத் தராசு குப்பையை நிறுக்க வந்து சேர்ந்ததற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் காரணம். வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை அடுப்பு பற்ற வைக்காமல், வேண்டியதை எல்லாம் போனில் சொல்லி வரவழைத்துத் தின்றிருந்தார்கள். குப்பைப் பையைக் கட்டப் போன சுப்ரஜாவால் அதன் வாயை மூட முடியவில்லை. முழங்காலை வைத்து அமுக்கினாள், மறுபக்கம் பிதுங்கியது. மூன்றே மூன்று பேர், அதில் ஒருத்திக்கு ஒன்பது வயது. ஒரு வாரத்துக்கு நாம் எவ்வளவுதான் எறிகிறோம் என்று அவளுக்கு ஒரு கேள்வி வந்தது.

கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் சுப்ரஜா அதை விடமாட்டாள். அவளுடைய பிழைப்பே அதுதான். ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனியில் மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. எழுதினவன் "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொன்னால் போதும், அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

அலமாரியைக் குடைந்து தராசை எடுத்து, அடுக்களையை ஒட்டித் துணி உலர்த்தும் டிரை பால்கனியின் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். அன்றிலிருந்து தினமும் காலை ஏழரைக்கு, குப்பை எடுக்கும் கமல்தாயி வருவதற்கு முன்னால், பை தராசில் ஏறும். எண் காலண்டரில் ஏறும். முதல் வாரக் கூட்டுத்தொகை பதினொன்று புள்ளி இரண்டு கிலோ.

"அடேங்கப்பா! உங்கம்மா கட்டிக் குடுக்கற பொடியக் காட்டிலும் கம்மிதான்" என்றான் சபரி.

"சிரிங்க. இன்னும் ஒரு மாசத்துல இத எட்டுக்குக் கொண்டு வர்றனா இல்லையா பாருங்க."

"மூணு வாரம் ஓடட்டும், அப்பறம் பேசலாம்."

இந்த மூன்று வாரக் கதையைச் சொல்லிவிட வேண்டும். சுப்ரஜாவுக்கு ஆரம்ப சூரத்தனம் கொஞ்சம் அதிகம். யோகாவுக்கு வாங்கின பாய் கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது. மராத்தி கற்றுக்கொள்ளப் போனவள் "எவ்வளவு", "வேண்டாம்" என்ற இரண்டு சொற்களோடு திரும்பிவிட்டாள். சிறுதானியம் மட்டுமே சாப்பிடுவோம் என்று சபதம் செய்து வாங்கிய வரகு, சாமையையெல்லாம் பால்கனிப் புறாக்கள்தான் தின்று தீர்த்தன. எல்லாமே மூன்று வாரம். அதைச் சபரி வேடிக்கையாகத்தான் சொல்வான். ஆனால் அந்த வேடிக்கை அவளுக்கு எங்கே குத்தும் என்பது அவளுக்குத்தான் தெரியும். இந்த ஒரு காரியமாவது நான்காவது வாரத்தைத் தாண்ட வேண்டும் என்று அவள் மனதுக்குள் ஒரு வைராக்கியம் வைத்திருந்தாள். தாண்டாவிட்டால், எதையும் முடிக்கத் தெரியாதவள் என்று தன்னைப் பற்றித் தானே ஒப்புக்கொண்டாக வேண்டும்.

ஆகவே மாவு பாக்கெட் நின்றது, சனிக்கிழமை கிரைண்டர் ஓடியது. காய்கறிக்காரர் மெல்லிய கவரை எடுக்கக் கை நீட்டும் முன்பே துணிப்பையை விரித்துக் காட்டினாள். பால் பாக்கெட்டின் மூலையைத் தனியாக வெட்டி எறியாமல், தொங்கலாக விட்டு வெட்டச் சபரிக்குக் கற்றுக்கொடுத்தாள். ஒருவருக்கும் ஒரு வசவு கிடையாது. அவள் அப்படிப்பட்ட ஆளில்லை. எண் கூடினால் அவள் ஒன்றுமே சொல்லமாட்டாள். முகம் மட்டும் சட்டென்று வாடிவிடும், அவ்வளவுதான். பேனாவை மூடிவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள்.

இரண்டாவது வாரம் பத்து புள்ளி ஆறு. மூன்றாவது வாரம் ஏழு புள்ளி ஒன்று. நான்காவது வாரம், யாரும் எதிர்பாராதபடி, ஐந்து புள்ளி மூன்று.

சுப்ரஜா துள்ளினாள் என்றுதான் சொல்ல வேண்டும். காலண்டரைப் படம் எடுத்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். எழுபது பேர் கை தட்டினார்கள். மறுநாள் திங்கட்கிழமை காலையிலேயே பி பிளாக் பார்கவி போன் செய்தாள். சென்னைக்காரி, குடியிருப்பின் குப்பைக் கமிட்டிக்கு அவள்தான் எல்லாம்.

"சுப்ரஜா, வர்ற ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு கிளப் ஹவுஸ்ல மீட்டிங். நீங்க பத்து நிமிஷம் பேசறீங்க. ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்ல இத எப்படிச் செஞ்சீங்கன்னு சொல்லுங்க. இங்க எல்லாரும் ரெண்டாவது வாரமே கைகழுவிடறாங்கப்பா."

"பேசிட்டாப் போச்சு" என்றாள் சுப்ரஜா. போனை வைத்த பிறகு தராசைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை அந்தச் சிரிப்பில் மண் விழுந்தது. கமல்தாயி பத்து வருஷமாக அந்தக் குடியிருப்பில் வீடு வீடாகக் குப்பை எடுப்பவள். பையை வாங்கி ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, மராத்தியும் ஹிந்தியும் கலந்து கேட்டாள்: "ஊருக்குப் போயிருந்தீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"மூணு பேரும் இங்கயேதான் இருக்கீங்களா? சாப்பிடறீங்களா?" கமல்தாயி பையை இன்னொரு தடவை தூக்கிக் காட்டினாள். "ஹல்கீ ஆஹே, லேசா இருக்கு. இது பூட்டின வீட்டுக் குப்பை மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு அவள் லிஃப்டில் ஏறிப் போய்விட்டாள். சுப்ரஜா கதவைப் பிடித்தபடி நின்றாள். நூற்றி இருபது வீட்டுக் குப்பையை நாள்தோறும் கையில் தூக்கிப் பார்ப்பவள் சொல்கிறாள். எழுபது பேர் கை தட்டியது ஒரு பக்கம், இந்த ஒருத்தி சொன்னது ஒரு பக்கம் என்று வைத்தால், சுப்ரஜாவின் மனசு கமல்தாயி பக்கமே சாய்ந்தது. அதோடு, முதல் தடவையிலேயே தேறிவிடும் எதையும் நம்பாதே என்பது அவள் தொழிலின் அரிச்சுவடி. பத்தரையிலிருந்து ஐந்துக்கு இரண்டே வாரத்தில் இறங்க, நாம் அப்படி என்னத்தைச் செய்துவிட்டோம்?

புதன்கிழமை ஆராய்ச்சியைத் தொடங்கினாள். திங்கட்கிழமை சட்னிக்கு இரண்டு தேங்காய் உடைத்தது அவளேதான். கொட்டாங்குச்சியைக் காணோம். மேசை மேல் ஆறு ஆரஞ்சு இருந்தது, இப்போது ஒன்று இருக்கிறது. குப்பையில் ஒரு தோல்கூட இல்லை. நாளுக்கு இரண்டு பாக்கெட் பால், கழுவி உலர்த்துகிற கம்பியில் இரண்டு நாளுக்கு நான்கு கவர் இருக்க வேண்டும், இரண்டுதான் தொங்கியது. உள்ளே வந்தது எல்லாம் தெரிகிறது, வெளியே போனது தெரியவில்லை. புறா தூக்கிக்கொண்டு போயிருக்குமா? ஆரஞ்சுத் தோல் என்றால் சரி. கொட்டாங்குச்சியைத் தூக்குகிற புறாவை அவள் இன்னும் பார்த்ததில்லை.

"ஏங்க, கொட்டாங்குச்சி எங்க போச்சு?"

சபரி லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை. "கமல்தாயி எடுத்துட்டுப் போயிருப்பா."

"பையில இல்லையே."

"தனியாக் குடுத்திருப்பேன்." அதற்குமேல் அவனுக்கு ஏதோ மீட்டிங் வந்துவிட்டது. வேண்டிய நேரத்தில் மீட்டிங் வரும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

வியாழக்கிழமை அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. காலையில் பால்கனியிலிருந்து பார்த்தபோது, கீழே அம்மு பள்ளி பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த நடையில் ஏதோ ஒன்று உறுத்தியது. முதுகை விறைப்பாக நிமிர்த்தி, இரண்டு கையையும் வீசி, பையே மாட்டாதவள் மாதிரி நடந்தாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் முன்னால் சாய்ந்து, பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இந்த நடையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று சுப்ரஜா யோசித்தாள். பிடிபடவில்லை.

அன்று மதியம் சமைக்க நேரமில்லாமல் சாப்பாடு வரவழைத்துக்கொண்டாள். காலி டப்பாவையும் இரண்டு ஸ்பூனையும் கழுவித் தன் கைப்பையில் வைத்தாள், நாளைக்கு ஆபீஸ் குப்பையில் போட்டுவிடலாம் என்று. ஆபீஸ் வேலையால் வந்த டப்பா, அது ஆபீஸ் கணக்கு. அதில் அவளுக்கு ஒரு உறுத்தலும் இல்லை.

சாயங்காலம் அம்மு வந்து, மறுநாளுக்கான புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டு விளையாடப் போனாள். சுப்ரஜா அந்தப் பையைச் சும்மா தராசில் மாட்டிப் பார்த்தாள். மூன்று புள்ளி ஒன்பது. வேலை முடிந்து வந்த சபரியின் லேப்டாப் பை செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. அதையும் மாட்டினாள். மூன்று புள்ளி ஒன்று. இரண்டையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. டிபன் டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் இன்னும் பைக்குள் ஏறவில்லை. அம்மு பல் தேய்த்துக்கொண்டிருந்தாள், சபரி குளித்துக்கொண்டிருந்தான். சுப்ரஜா மறுபடி மாட்டினாள். அம்முவின் பை நான்கு புள்ளி மூன்று. சபரியின் பை மூன்று புள்ளி எட்டு.

ராத்திரி ஒன்றும் செய்யாமல் கிடந்த புத்தகப் பை காலையில் நானூறு கிராம் கூடியிருக்கிறது. புத்தகம் குட்டி போடுமா என்ன?

அம்முவின் பையைத் திறந்தாள். கணக்குப் புத்தகத்துக்கும் ஹிந்திப் புத்தகத்துக்கும் அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. இரண்டு கவரில் போட்டு, இரண்டு ரப்பர் பேண்டால் இறுக்கி, காற்றுப் போகாமல் அழகாகக் கட்டின பொட்டலம். அப்படியே அவள் அம்மா கொள்ளுப் பொடி கட்டிக் கொடுக்கிற கட்டு. அவிழ்த்தாள். ஆரஞ்சுத் தோல், வாழைப்பழத் தோல், ஒரு சிப்ஸ் கவர், பென்சில் சீவின குப்பை, பால் கவர் ஒன்று.

வாயில் நுரையோடு அம்மு வாசலில் நின்றாள்.

"என்ன கண்ணு இது?"

அம்மு ஓடிப் போய்த் துப்பிவிட்டு வந்தாள். அவளுக்குத் தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வரும். "அது... ஸ்கூல்ல பெரிய டஸ்ட்பின் இருக்கு மா. டெய்லி கொஞ்சம்தான் கொண்டு போறேன். பக்கா, யாருக்கும் தெரியாது."

"எதுக்கு கண்ணு?"

"வெயிட் ஜாஸ்தி ஆச்சுல்ல. ஏர்போர்ட்ல நீதான சொன்ன, ஜாஸ்தி ஆனா ஹேண்ட் லக்கேஜ்ல போடணும்னு? அப்பறம் வெயிட்டே இல்லாத மாதிரி நடக்கணும், கவுண்ட்டர் அங்கிள் பாக்கக் கூடாதுன்னு சொன்ன. நான் அப்படித்தான் நடந்தேன்."

சுப்ரஜாவுக்கு இப்போது அந்த நடை எங்கே பார்த்தது என்று தெரிந்தது. கோவை விமான நிலையத்தில், நான்கு கிலோ பொடியை முதுகில் சுமந்துகொண்டு, கை வீசி, சிரித்தபடி போன பிள்ளை இவள்தான். "சூப்பர் அம்மிணி" என்று கன்னத்தைக் கிள்ளியதும் தானேதான்.

"நான் உன்னத் திட்டினேனா கண்ணு?"

"இல்ல." அம்மு கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்தாள். "ஆனா நம்பர் பெருசு ஆனா உன் முகம் சின்னதா ஆயிடுது மா. எனக்குப் பயமா இருக்கும்."

சுப்ரஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும், இந்த வீட்டில் திட்டு கிடையாது என்று தனக்குத்தானே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று தினமும் காலையில் தராசைப் பார்க்காமல் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. அது அவளுக்குத் தெரியவே இல்லை. அம்முவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, பற்பசை வாசனை வீசும் கன்னத்தில் முத்தமிட்டாள். அவளைக் கிளப்பி முடிப்பதற்குள் கீழே பஸ் ஹார்ன் அடித்தது. பொட்டலத்தை எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளையை அனுப்பினாள். சபரியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பையைத் திறக்கவும் இல்லை. "சாயங்காலம் சீக்கிரமா வாங்க" என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டு, அவன் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனான்.

சாயங்காலம் ஹாலின் நடுவில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். கோவை விமான நிலையத்தில் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு உட்காருகிற அதே உட்கார்ச்சி. நடுவில் அம்முவின் பொட்டலம் இருந்தது.

"அம்மு சொல்லிட்டா. இப்ப நீங்க சொல்லுங்க" என்றாள் சுப்ரஜா. "இன்னைக்குக் காலைல உங்க பையில எழுநூறு கிராம் ஏறியிருந்துச்சு. அது எங்க போகுது?"

சபரி மகளைப் பார்த்தான். மகள் அப்பாவைப் பார்த்தாள். இரண்டு பேருக்குமே இது புதுச் செய்தி என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. ஒரே வீட்டில், ஒரே குப்பைப் பையிலிருந்து, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கடத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"ஆபீஸ் பேண்ட்ரி டஸ்ட்பின்ல போட்டுர்றேன்" என்றான் சபரி.

"கொட்டாங்குச்சியுமா?"

"அத ஏன் கேக்கற. ஆபீஸ் கேட்ல செக்யூரிட்டி பையத் திறந்து பாத்துட்டான். உள்ள நாலு கொட்டாங்குச்சி. 'யே க்யா ஹை சார்'னு கேட்டான். பூஜைக்குன்னு சொல்லிட்டேன். மறுநாள்ல இருந்து அந்தாளு பிரசாதம் எங்கன்னு கேக்கறான். நேத்து அவனுக்குக் கடலமிட்டாய் வாங்கிக் குடுத்தேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டதுண்டு. கொட்டாங்குச்சியை லேப்டாப்புக்குப் பின்னால் மறைத்த ஆளைச் சுப்ரஜா கட்டியிருக்கிறாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். கோபம்தான் பெரிதாக இருந்தது.

"எதுக்குங்க இப்படிப் பண்ணுனீங்க?"

"மூணாவது வாரம் வந்துச்சு சுப்பு. உன் முகம் தொங்க ஆரம்பிச்சிருச்சு. இதையும் விட்டுருவயோன்னு நெனச்சேன். நான்தான் மூணு வாரம் மூணு வாரம்னு கிண்டல் பண்ணி வச்சிருந்தேன். இந்த ஒரு தடவ நீ செயிச்சுட்டுப் போகட்டுமேன்னு..."

"நான் செயிக்கலையே! நீங்க தூக்கிட்டுப் போய் வேற தொட்டில போட்டீங்க. அதும் அதே குப்பதான், வேற கமல்தாயி தூக்கறா. ஞாயித்துக்கிழமை நாப்பது குடும்பத்துக்கு முன்னாடி நின்னு நான் என்னத்தச் சொல்லட்டும்? பொய்ய வச்சு நாலாவது வாரத்தத் தாண்டுனேன்னா?" அவள் குரல் உடைந்தது. "அதுக்கு நான் மூணாவது வாரமே விட்டிருக்கலாம்."

சபரி தன் பையைத் திறந்து, காபிச் சக்கையைக் கட்டின கவரையும் ஒரு அட்டைப் பெட்டியையும் எடுத்து நடுவில் வைத்தான். காலையில் அவள் குரலைக் கேட்ட பிறகு, அதைப் போடக்கூட அவனுக்குத் தைரியம் வரவில்லை போலும்.

அம்மு எழுந்து தராசைக் கழற்றிக்கொண்டு வந்தாள். தன் பொட்டலத்தை மாட்டினாள், அப்பாவுடையதை மாட்டினாள். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, சோபாவில் இருந்த கைப்பையைக் காட்டினாள்.

"உன் பேகையும் மாட்டு மா."

"என் பையிலயா? அதுல என்ன இருக்கப் போகுது கண்ணு" என்று சொல்லிக்கொண்டேதான் சுப்ரஜா அதைத் திறந்தாள். நேற்று மத்தியானத்து டப்பா உள்ளே இருந்தது. இன்றைக்கு ஆபீஸில் போட மறந்த டப்பா. கழுவித் துடைத்து, இரண்டு ஸ்பூனையும் அதற்குள்ளேயே வைத்து, பத்திரமாக எடுத்துப்போன டப்பா. இது மட்டுமா? வாரத்தில் மூன்று நாள் ஆபீஸில் வாங்கித் தின்கிற டப்பாக்கள் எல்லாம் எந்தத் தராசில் ஏறின? தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

அவள் அதை எடுத்து மற்றதோடு வைத்தாள். முகம் எல்லாம் சூடாகிவிட்டது.

"நானும்தான்" என்றாள்.

முதலில் சிரித்தது சபரி. பிறகு அம்மு, எதற்கென்று முழுதாகத் தெரியாமலே. கடைசியில் சுப்ரஜாவும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலண்டரையும் பேனாவையும் கொண்டுவரச் சொன்னாள்.

மூன்று பேருமாகப் போன வாரத்தை நினைவிலிருந்து திரட்டினார்கள். அப்பாவின் பை நாளுக்கு இவ்வளவு, அம்முவின் பை இவ்வளவு, அம்மாவின் டப்பாக்கள் இவ்வளவு. சுப்ரஜாவுக்கு உள்ளுக்குள் ஒரே படபடப்பு. கூட்டிப் பார்த்தால் பழைய பதினொன்றையே தாண்டிவிட்டால்? அம்மு சத்தமாகக் கூட்டினாள். ஒன்பது புள்ளி ஆறு வந்தது.

"மறுபடி கூட்டு கண்ணு."

மறுபடியும் ஒன்பது புள்ளி ஆறுதான். ஐந்து புள்ளி மூன்றை அடித்துவிட்டு அதை எழுதினாள். ஆக, ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலாக நிஜமாகவே குறைந்திருக்கிறது. வீட்டில் அரைத்த மாவு, துணிப்பை, சனிக்கிழமை வெளியிலிருந்து வரவழைக்காமல் விட்ட இரண்டு வேளைச் சாப்பாடு. அது எப்படிக் குறைந்தது என்று அவளால் வரிசையாகச் சொல்ல முடிந்தது. ஐந்து புள்ளி மூன்றைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தைவிட இது சின்னதுதான். ஆனால் கணக்குக் காட்ட முடிந்த சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் அவள் தராசைக் கையில் பிடித்துக்கொண்டே பேசினாள், ஹிந்தியில், அங்கங்கே தடுமாறி. பதினொன்று, ஐந்து, ஒன்பதரை என்று மூன்று எண்ணையும் சொன்னாள். விமான நிலையக் கதையைச் சொன்னபோது கூடமே சிரித்தது. நாக்பூர்க்காரர், கேரளத்தார், லக்னோக்காரர், ஊரிலிருந்து பெட்டி நிறையக் கொண்டுவராத ஆள் அங்கே யார்? பார்கவியின் முகத்தில் மட்டும் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது. சி பிளாக் கோகுல்நாத் எழுந்தார்.

"அப்படியானா ஒரு மாதத்தில் குறைந்தது ஒன்றரைக் கிலோ மட்டும்தானா?"

"ஆமாம். ஆனால் அது வேறு எந்தத் தொட்டிக்கும் போகவில்லை, நிஜமாகவே குறைந்திருக்கிறது" என்றாள் சுப்ரஜா. "மீதி எல்லாம் எங்கள் பைகளில் இருந்தது."

கோகுல்நாத் உட்காரவில்லை. மனைவியை ஒரு தடவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: "காரிலேயே சாப்பிட்டுவிட்டுப் பெட்ரோல் பங்க்கில் போடுவது, அதுவும் கணக்கில் வருமா?"

திங்கட்கிழமை காலை தராசு இரண்டு புள்ளி நான்கு காட்டியது. ஒரே நாளில் அவ்வளவு ஏறியது அதுவரை இல்லை. அம்மு எண்ணைப் பார்த்தாள், உடனே திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த இடத்தில் சுப்ரஜாவுக்குத் தன் முகம் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் கேள்வி என்னவோ தானாகவே வந்துவிட்டது.

"அட, இது எப்படிக் கண்ணு இவ்வளவு? வா, என்ன இருக்குன்னு பாக்கலாம்."

பையைத் திறந்து இரண்டு பேரும் தலையை விட்டுப் பார்த்தார்கள். நேற்றுத் தின்ற தர்பூசணியின் தோல் முழுசாக உள்ளே கிடந்தது. "வாட்டர்மெலன்! நாம ஃபுல்லா சாப்ட்டோம்ல!" என்று அம்மு கத்தினாள். காலண்டரில் எண்ணை அவளே எழுதி, பக்கத்தில் ஒரு தர்பூசணித் துண்டும் வரைந்தாள். கமல்தாயி வந்து பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஊர்ல இருந்து வந்துட்டீங்களா?" என்றாள்.

"வந்துட்டோம்" என்றாள் சுப்ரஜா.

பஸ் ஹார்ன் கேட்டதும் அம்மு பையை மாட்டிக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினாள். சுப்ரஜா பால்கனிக்கு வந்து நின்றாள். கீழே பிள்ளை தெரிந்தாள். முன்னால் சாய்ந்து, பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான்கு அடிக்கு ஒரு தடவை நின்று நின்று நடந்தாள். பக்கத்தில் லேப்டாப் பையோடு போய்க்கொண்டிருந்த சபரியிடம் அவள் போட்ட சத்தம் பதினோராவது மாடிவரை கேட்டது.

"அப்பா, பேக் ரொம்பக் கனமா இருக்கு. நீங்க தூக்குங்க!"